சைக்கிளை எங்கே வைப்பது?

நம் ஊர்ப் பையன்களுக்கு மோட்டார் சைக்கிள் மோகம் தலைக்கேறிவிட்டது என்ற புலம்பலை இப்போதெல்லாம் போகிற இடமெல்லாம் கேட்கிறேன். இலக்கியக் கூட்டத்தில் கேட்கிறேன். கல்யாணப் பந்தியில் கேட்கிறேன். துக்கம் விசாரிக்கப் போன வீட்டுத் திண்ணையில்கூடக் கேட்டேன். புலம்புகிறவர் அநேகமாகக் காரில் வந்து இறங்கியவராக இருப்பார். அது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். புலம்பல் எங்கே போய் முடியும் என்பது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஜப்பானில் போய் முடியும்.

"ஜப்பானைப் பாருங்கள், ஸார்! எவ்வளவு பெரிய பணக்கார தேசம்! மோட்டார் செய்து உலகத்துக்கெல்லாம் விற்கிறான். ஆனால் அங்கே காலேஜ் பையன் சைக்கிளில் போகிறான். வாத்தியார் சைக்கிளில் போகிறார். குழந்தையை ஒரு கூடையிலும் காய்கறியை இன்னொரு கூடையிலும் வைத்துக்கொண்டு பொம்மனாட்டிகள் சைக்கிளில் போகிறார்கள். நம்மவனுக்கு என்ன வந்தது? சர்க்கார் சைக்கிளை இனாமாகக் கொடுக்கிறது. அதைத் தாழ்வாரத்தில் துருப்பிடிக்க விட்டுவிட்டு, கடன் வாங்கி பைக் வாங்குகிறான். எல்லாம் கௌரவம், ஸார், கௌரவம்!"

ஜப்பானைப் பற்றி அவர் சொல்வதில் பொய் இல்லை. பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு ஏழை வீட்டுப் பிள்ளையைத் திட்டுகிறாரே, அதுதான் எனக்கு ஆகவில்லை. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

என் சிநேகிதர் ஒருவருடைய மகன் ஜப்பானுக்குப் படிக்கப் போனான். போன புதிதில் அவனுக்கு இருந்த கவலை பாஷை அல்ல, சாப்பாடு அல்ல. தினமும் அறையிலிருந்து கல்லூரிக்குப் போவது எப்படி என்பதுதான். அங்கே மாணவர்களுக்கென்று ரெயிலில் சீசன் டிக்கெட் உண்டு; மற்றவர்களுடைய சீசனைவிட மிகவும் மலிவு. வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து கல்லூரிக்குப் பக்கத்து ஸ்டேஷன் வரையில்தான் செல்லும். பையன் ஆசையோடு போய்க் கேட்டான். அவன் அப்போது பட்ட வகுப்பில் சேரவில்லை. ஆராய்ச்சி மாணவன் என்று ஒரு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து போகிற அநேகம் பேர் முதல் ஆறு மாசமோ ஒரு வருஷமோ அப்படித்தான் உட்காருகிறார்கள். அந்த வரிசைக்கு மாணவர் சலுகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். படிப்பு படிப்புத்தான், ஆனால் மாணவன் மாணவன் அல்ல. இப்படிப்பட்ட தர்க்கம் நம் நாட்டு ஆபீஸ்களில் மட்டும்தான் விளைகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது ஓர் ஆறுதலாக இருந்தது.

ஆகவே ஒரு பழைய சைக்கிள் வாங்கினான். வாங்கினதும் அதைப் பதிவு செய்ய வேண்டும். திருட்டுப் போனால் கண்டுபிடிப்பதற்காக நம்பர் போட்ட ஒரு சீட்டை ஒட்டுகிறார்கள். அதற்குச் சிறு கட்டணம். அதன் பிறகு ஒரு நாள் சைக்கிளை ஸ்டேஷன் வாசலில், பத்துப் பதினைந்து சைக்கிள்களுக்கு நடுவே, நம் ஊர் வழக்கப்படி சாய்த்துவிட்டு ரெயில் ஏறினான். சாயங்காலம் வந்து பார்த்தால் இடம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நகரசபைக்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர்க் கோடியில் இருந்த கிடங்குக்கு நடந்து போய், தண்டம் கட்டி மீட்டுக்கொண்டு வந்தான். சைக்கிள் வாங்கின விலையில் பாதிக்குமேல் தண்டத்துக்குப் போயிற்று என்று அப்பாவுக்கு எழுதியிருந்தான். அதற்கப்புறம் மாசா மாசம் பணம் கட்டி, ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்த ஆரம்பித்தான்.

இந்தக் கொட்டகைதான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஜப்பானியர்கள் பிறக்கும்போதே ஒழுக்கத்தோடு பிறந்து சைக்கிளை வரிசையாக நிறுத்தினார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1970களில் அந்த நாட்டு ரெயில் ஸ்டேஷன் வாசல்களெல்லாம் சைக்கிள் குப்பையாகக் கிடந்தன. ஜனங்கள் நடக்க வழியில்லை. அப்போது அவர்கள் "எங்கள் பையன்களுக்குச் சைக்கிள் மோகம்" என்று திண்ணையில் உட்கார்ந்து புலம்பியிருக்கலாம். சிலர் புலம்பியும் இருப்பார்கள். ஆனால் 1980இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. சைக்கிளை நிறுத்த இடம் உண்டாக்குவது ஊராட்சியின் காரியம் என்று ஆயிற்று. 1993இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, நகரசபை இடம் கேட்டால் ரெயில் கம்பெனிகளும் ஒத்துழைக்க வேண்டும் என்றார்கள். தோக்கியோவில் கசாய் என்று ஒரு ஸ்டேஷன். 2008இல் அதற்கடியில், பூமிக்குள், 9,400 சைக்கிள் நிறுத்த ஏற்பாடு செய்தார்கள். அதில் பெரும்பகுதியை யந்திரமே வாங்கி உள்ளே வைத்து, கேட்டால் எடுத்துக் கொடுக்கிறது. 2024 நவம்பர் முதல் சைக்கிளில் போய்க்கொண்டே கைப்பேசியைப் பார்க்கிறவனுக்குச் சிறைவாசம்கூட உண்டு என்று சட்டத்தை இறுக்கியிருக்கிறார்கள். கொடுமை என்று தோன்றலாம். எனக்கு அது மரியாதையாகத் தோன்றுகிறது. சைக்கிளும் ஒரு வாகனம் என்று நினைக்கிறவன்தானே அதற்குச் சட்டம் போடுவான்?

ஜப்பான் மாணவன் சைக்கிளில் போகிறான் என்றால், காலேஜ் வரைக்கும் முப்பது மைல் மிதித்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தமல்ல. வீட்டிலிருந்து ஒரு மைல், இரண்டு மைல். அங்கே ஸ்டேஷன், ஸ்டேஷனில் கொட்டகை, கொட்டகையில் சைக்கிளை வைத்துவிட்டு மேலே ஏறினால் சொன்ன நேரத்துக்கு ரெயில். சைக்கிளும் ரெயிலும் அங்கே சேர்ந்து ஒரே வாகனம். நமது கனவான் அதில் முன்பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

பின்பாதி இல்லாத ஓர் ஊர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டுமானால், அவ்வளவு தூரம் போக வேண்டாம். மரக்காணத்துக்கு வரட்டும்.

நான் மரக்காணத்து உப்பளக் கரைக்குப் போனது ஒரு நாவலுக்காக. உப்பு எப்படி விளைகிறது என்று பார்க்கப் போனவன், பஸ் எப்படி வராமல் இருக்கிறது என்பதையே அதிகமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கிழக்கே கடல். மேற்கே கழுவேலி என்ற பெரிய உப்பங்கழி; 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகளுக்கு நல்ல காலம். இரண்டுக்கும் இடையில் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளைப் பாத்திகள். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை இதையெல்லாம் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. ரெயில் கிடையாது. ரெயிலைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே திண்டிவனம் போக வேண்டும், அல்லது தெற்கே புதுச்சேரி போக வேண்டும். இரண்டுமே முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர். கல்லூரிகளும் அங்கங்கேதான். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985இல் உண்டாயிற்று; காலாப்பட்டில் இதே சாலையின் மேலே இருக்கிறது. அதன் வாசல் வழியாகத்தான் பஸ்கள் போகின்றன. ஏறுவதற்குத்தான் வழி வேண்டும்.

உப்பளத்துக் குடும்பங்கள் சாலையின் மேல் குடியிருக்கவில்லை. உள்ளே இரண்டு மைல், மூன்று மைல் தள்ளி இருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன் உப்பை வாரிக் குவித்தாக வேண்டும் என்பதால் விடிவதற்கு எத்தனையோ முன்னால் எழுந்து பாத்திக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளையை எழுப்பிக் காபி கொடுத்து பஸ் ஏற்றிவிட வீட்டில் ஆள் கிடையாது. பிள்ளை தானாக எழுந்து தானாகக் கிளம்ப வேண்டும்.

அந்தப் பிள்ளையிடம் சைக்கிள் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. 2001-02இல் ஆதி திராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்து, பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரித்த திட்டம் அது. யார் எதைச் சொன்னாலும், தமிழ்நாட்டில் சர்க்கார் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று என்பதுதான் என் அபிப்பிராயம். சைக்கிள் ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த நாடு ஏற்கனவே பார்த்திருக்கிறது. 1990களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தார்கள். கல் உடைக்கிறவர்களும் களை பறிக்கிறவர்களுமாக ஆயிரக்கணக்கான பெண்கள், ஊர் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க, கற்றுக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் ஊர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டது.

பஸ்ஸிலும் சலுகை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாஸ் உண்டு. 2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் டிக்கெட் வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அதையும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். விரைவுப் பேருந்தில் அது செல்லாது என்பதையும், சாலையில் சீறிக்கொண்டு போகிற பஸ்களில் அநேகம் விரைவுப் பேருந்துகள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன்.

சைக்கிள் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள்.

விடியற்காலை இருட்டில் அந்தப் பிள்ளை மூன்று மைல் மிதித்துச் சாலைக்கு வருகிறது. தூரத்தில் பஸ் விளக்குத் தெரிகிறது. சைக்கிளை எங்கே வைப்பது?

நான் அந்தக் கரையில் நின்று பார்த்த வழியோர நிறுத்தங்களில் ஒன்றில்கூடச் சைக்கிள் நிறுத்த இடம் கிடையாது. சில இடத்தில் நிழற்குடை உண்டு. அதில் சுவரொட்டி உண்டு. படுத்திருக்கும் நாய் உண்டு. ஒரு சைக்கிளைச் சங்கிலி போட்டுக் கட்ட ஒரு கம்பி கிடையாது. டீக்கடைக்காரர் நல்லவராக இருந்தால் இரண்டு சைக்கிள், மூன்று சைக்கிள் வைக்க விடுவார். பத்துச் சைக்கிள் வந்தால் அவர் பெஞ்சியை எங்கே போடுவார்? புளிய மரத்தடியில் விட்டால் சாயங்காலம் ஸீட் இருக்காது. ஒரு நாள் சைக்கிளே இருக்காது. இருந்தாலும் என்ன? அது உப்புக் காற்று. வீட்டுக்குள் வைத்துத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாலே செயின் சிவந்துபோகிற இடம். நாள் முழுவதும் வெட்டவெளியில் நின்றால் ரிம், கம்பி, பெடல் எல்லாம் பொரிந்து உதிரும். "தாழ்வாரத்தில் துருப்பிடிக்க விட்டுவிட்டான்" என்று நமது கனவான் கோபிக்கிறாரே, தாழ்வாரத்துச் சைக்கிளாவது மெதுவாகத் துருப்பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

உப்பளத்தில் வேலை செய்கிற ஓர் அம்மாளிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுக்குள் இருக்கும். கால் விரல்கள் உப்புநீரில் ஊறி வெளுத்திருந்தன. மகளும் மகனும் ஒரே கல்லூரி.

"சைக்கிள் ஆகாதாம்மா?" என்று கேட்டேன்.

"ஏன் ஆவாது? ரெண்டு சைக்கிள் கெடக்குது ஊட்டுல. மெயின் ரோடு மட்டும் போவலாம். அப்பால அத்த இன்னா பண்றது? டீக்கடைக்காரரு ஒரு வாரம் வெச்சுக்கினாரு. அப்புறம், 'யக்கா, எடம் இல்ல'ன்னுட்டாரு. அவரு மேல கொற சொல்லக் கூடாது ஐயா."

"நடந்து போக முடியாதா?"

"போவும்போது வெளிச்சமாயிடும். வரும்போது இருட்டிப்பூடுது. பொம்பளப் புள்ள."

ஆகவே பைக் வாங்கினார்கள். முன்பணம் கட்டி, மீதி தவணை. பையன் ஓட்டுகிறான், பெண் பின்னால் உட்காருகிறாள். பையனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்குப் பெண்ணுக்கும் கல்லூரி கிடையாது. அந்த அம்மாள் என்னிடம் கேட்ட கேள்விக்கு எந்தப் பொருளாதார நிபுணராவது பதில் சொன்னால் தெரிந்துகொள்கிறேன். மழை பிடித்துக்கொண்டால் உப்பு வேலை நின்றுபோகிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, கூலி கிடையாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது அந்தக் கரை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். "மழைக்கு உப்பு நின்னுடுது, சரி. தவணை மட்டும் ஏன் ஐயா நிக்கல?" என்றாள்.

இதற்குப் பெயர் மோகமா? கௌரவமா? ஒரு கம்பியும் ஒரு கூரையும் இல்லாத காரணத்தால் அந்தக் குடும்பம் மாசா மாசம் கட்டுகிற அபராதம் என்று நான் சொல்லுவேன். ஜப்பானில் சைக்கிளைக் கண்ட இடத்தில் விட்டதற்குத் தண்டம் கட்டினான் என் சிநேகிதர் மகன். இவர்கள் சைக்கிளை விட இடமே இல்லாததற்குத் தண்டம் கட்டுகிறார்கள்.

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். தர்மத்துக்கு அது சரி, சர்க்காருக்குச் சரிப்படாது. ஓர் இலாகா சைக்கிளைக் கொடுத்தது. ஓர் இலாகா பஸ்ஸை விட்டது. இன்னோர் இலாகா ரோடு போட்டது. சைக்கிளில் வருகிற பிள்ளை அந்த ரோட்டின் ஓரத்தில் அந்த பஸ்ஸில் ஏறும் என்பது மூன்றில் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த ஊருக்கு வழி செய்யவே தெரியாது என்று சொல்ல முடியாது. சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இந்த மரக்காணந்தான் என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். கடற்கரை உப்பை வண்டி கட்டி உள்நாட்டுக்குக் கொண்டுபோன உமணர்கள், வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். புறநானூற்றில் ஔவையார் அதை உவமையாகவே எடுத்து ஆண்டிருக்கிறார். பிரயாணம் என்றால் நடுவில் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வண்டிக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு வெள்ளைக்காரன் வந்தான். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய் வளர்ந்து வளர்ந்து, ஒரு பக்கம் ஆந்திரத்துக்கும் மறுபக்கம் மரக்காணத்துக்கும் வந்து சேர்ந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டினவர்களின் பிராணன் அதில் இருக்கிறது. பெயர் மட்டும் அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனுடையது. தமிழ்நாட்டில் மட்டும் 163 கிலோமீட்டர். அதன் தெற்குக் கோடி மரக்காணம். உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போயின. 1960களின் புயல்களுக்குப் பிறகு படகுகள் நின்றுவிட்டன. 2008இல் அதைத் தேசிய நீர்வழி என்று கெஜட்டில் ஏற்றினார்கள். கெஜட்டில் இன்னும் இருக்கிறது.

ஆக, உப்புக்கு வழி செய்தார்கள். ராஜா காலத்திலும் செய்தார்கள், துரை காலத்திலும் செய்தார்கள். உப்பை வாருகிறவளின் மகள் காலேஜுக்குப் போகிற வழியைத்தான் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

இப்போது ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரையை இப்போது எழுதுகிறேன். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோமீட்டர் தூரத்தை நான்கு வழிச் சாலையாக ஆக்குவதற்கு 2025 ஆகஸ்ட் மாதம் மத்திய மந்திரி சபை சம்மதம் கொடுத்தது. செலவு 2,157 கோடி ரூபாய். அப்போது வெளியிட்ட அறிக்கையில், அந்த ரோடு எந்தெந்த ரெயில் நிலையங்களை இணைக்கும், எந்தெந்த விமான நிலையங்களை இணைக்கும், எந்தத் துறைமுகத்துக்கு உதவும் என்றெல்லாம் கணக்குச் சொல்லியிருந்தார்கள். எண்ணிக்கை சரியாகவே இருக்கும். பள்ளிக்கூடத்தை எண்ணினதாக நான் படித்த செய்தியில் இல்லை. பஸ் நிறுத்தத்தை எண்ணினதாக இல்லை.

ரோடு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அகலமான ரோடு வந்தால் வண்டிகள் வேகமாகப் போகும். வேகமாகப் போகிற ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது இன்னும் அபாயம்; கடப்பது அதைவிட அபாயம். அப்போது இன்னும் நாலு வீட்டில் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டு பைக்குக்குத் தவணை கட்டுவார்கள். அந்த பைக்கும் அதே ரோட்டில்தான், அதே லாரிக்குப் பக்கத்தில்தான் போகும். பத்தொன்பது வயசுப் பையன்களின் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒட்டின சுவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனை என்று, அடுத்த தடவை காரில் போகும்போது நமது கனவான் ஜன்னலை இறக்கிவிட்டுப் பார்க்கட்டும். நான் பார்த்தேன். எண்ணவில்லை, எண்ண மனம் வரவில்லை.

நான் கேட்பது மூன்றே காரியம். நான்கு வழியில் எங்கெங்கே பஸ் நிற்குமோ அங்கங்கே சைக்கிளுக்கு ஒரு கொட்டகை. உள்ளூர்க் கிராமத்திலிருந்து அந்தக் கொட்டகைக்கு வர, லாரியோடு உரசாத ஒரு ஓரப்பாதை. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், இரண்டும் கல்லூரி மணியைப் பார்த்து; பெண்கள் டிக்கெட் இல்லாமல் ஏறக்கூடிய பஸ்ஸாக. பூமிக்கு அடியில் 9,400 சைக்கிள் வைக்கிற யந்திரம் வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

கொட்டகை கட்டினாலும் காலியாகத்தான் கிடக்கும், இப்போது யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று ஒரு இஞ்சினீயர் என்னிடம் வாதித்தார். கிணறு இல்லாத ஊரில் யாரும் தண்ணீர் இறைப்பதில்லை. ஆகவே கிணறு வெட்ட வேண்டாம் என்று அவர் தாத்தா யாரிடமாவது வாதித்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். வெயில், ஸார், வெயில், ஜப்பான் குளிர்ந்த தேசம் என்றார் இன்னொருவர். ஜப்பானின் கோடையில் போய் இருந்துவிட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற புழுக்கம். அதுவுமல்லாமல் நான் நட்ட நடு மத்தியானத்தில் நாற்பது கிலோமீட்டர் மிதிக்கச் சொல்லவில்லை. காலையில் மூன்று மைல், பொழுது சாய்ந்து மூன்று மைல்.

மூன்றாவது ஆட்சேபணை பெரியவர்களுடையது. "எங்கள் காலத்தில் பத்து மைல் நடந்து போய்ப் படித்தோம்" என்பார்கள். படித்திருப்பீர்கள், ஐயா, நமஸ்காரம். உங்களோடு முதல் நாள் நடந்து வந்து, பத்தாவது நாள் நின்றுபோன பையன்கள் எத்தனை பேர்? முதல் நாளே வராத பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் இன்று பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச வரவில்லை. அதனால் நடந்து வந்தவர்களின் கதையே கதையாக நின்றுவிட்டது. நானும் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்குமேல் உட்காராதவன். படிப்பின் பெருமையைப் பற்றி யாருக்கும் பிரசங்கம் செய்ய எனக்கு அருகதை கிடையாது. பஸ்ஸுக்காக நிற்பது எப்படி இருக்கும் என்பதைப் பற்றிப் பேச இருக்கிறது.

வாகனத்தைத் "தேர்ந்தெடுப்பது" என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எதை வாங்கலாம், எது சிக்கனம், எது உடம்புக்கு நல்லது என்று அட்டவணை போடுகிறார்கள். பட்டணத்தில் நாலு வழி இருக்கிறவர்கள் அதைப் படித்துப் பயன் அடையட்டும். உப்பளத்துப் பிள்ளை அதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, பஸ் எங்கே நிற்கும் என்று யாரோ ஒருவர் சென்னையிலோ டில்லியிலோ மேஜை மேல் வரைபடத்தை விரித்துத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். புலம்புகிறவர்கள் போய்ப் பிடிக்க வேண்டியது அந்த மேஜையை. பையனின் சட்டைக் காலரை விட்டுவிடுங்கள்.

ரோட்டு வேலைக்காரர்கள் சுண்ணாம்புக் கோடு போடும்போது அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்தாரும் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரும் போய்க் கூட நிற்க வேண்டும். நிறுத்தம் இங்கே, கொட்டகை இங்கே என்று கையோடு காட்டிவிட வேண்டும்; தார் போட்ட பிறகு மனு எழுதிப் பிரயோஜனமில்லை. காண்டிராக்டரிடம் இன்னும் ஒன்று சொல்லி வைப்பது நல்லது. கொட்டகைக்குத் தகரக் கூரை வேண்டாம். அந்தக் காற்றில் நிற்காது. ஓடு போடட்டும், இல்லாவிட்டால் கீற்று வேயட்டும். சைக்கிளைக் கட்ட இரும்புக் கம்பிக்குப் பதிலாகச் சவுக்குக் கழி நட்டால் போதும். அந்தக் கரையில் சவுக்குக்குப் பஞ்சமில்லை.